பதினொன்று பத்துக்கு விழும் லைன்

அத்தியாயம் பத்தொன்பது

லைன்மேன் வந்து சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். ஒன்பது நாள் தாமதம். ஆனாலும் வாசல் கேட்டுக்கு மேலே அவருடைய ஏணி நீட்டிக்கொண்டு தெரிந்ததும் மருமகளுக்குக் கோபம் வரவில்லை. ஓடிப்போய் அந்த ஏணியையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த வீட்டுக்கு அவள் வந்து சிக்கிய விதம் உங்களுக்குத் தெரியும். மாமனாருக்கு வலது பக்கம் செயலிழந்து போன வாரம், "மூணு மாசம் மட்டும் பாத்துக்கோ, அதுக்குள்ள ஏதாவது ஏற்பாடு பண்ணிடறேன்" என்றான் கணவன். அந்த மூன்று மாதம் எட்டு மாதமாகிவிட்டது. கணவனுக்கு நகரத்தில் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. ஏழு வயது மகளும் பள்ளிக்கூடத்துக்காக அவனோடுதான் இருந்தாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமைகளில் இருவரும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வருவார்கள். ஞாயிறு மதியம் கிளம்பிவிடுவார்கள். பஸ் போன புழுதி அடங்கும்வரை அவள் கேட்டருகே நிற்பாள்.

"எனக்கென்ன, நெட் இருந்தாப் போதும், எங்க உக்காந்தும் வேலை பாக்கலாம்" என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னது அவள்தான். அப்படிச் சொன்ன நாக்கை இப்போது நினைத்து நினைத்துக் கடித்துக்கொள்கிறாள்.

அவளுடைய வேலை காதும் விரலும் சம்பந்தப்பட்டது. நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே டாக்டர்கள் கூடி நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் பேசப் பேச, இவள் இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்து அந்தக் கணமே அங்கே திரையில் ஓடும். பெரிய அறுவை சிகிச்சை டாக்டரம்மாவுக்குக் காது முழுதாகப் போய்விட்டது. அவருக்கு அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் இவள் விரல் வழியாகத்தான் போய்ச் சேரும்.

நெட் வரும் ஃபோன் லைன் விழுந்துவிட்டால் எழுத்து ஓடாது; அந்த அம்மாள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் மட்டும் நான்கு நாள் அப்படி உட்கார்ந்திருந்தார். "செவ்வாய்க்கிழமை கடைசி. அன்னைக்கும் விழுந்தா வேற ஆளைப் போட்டுடுவேன், தப்பா எடுத்துக்காதே" என்று மேலாளர் சொல்லிவிட்டாள்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"யாரும்மா இங்க கம்ப்ளைன்ட் குடுத்தது?"

"நான்தாங்க. உள்ள வாங்க. டீ போடட்டுமா?"

"முதல்ல லைனைப் பாத்துடுவோம். டீ குடிச்சுட்டுப் பாத்தா எல்லா லைனும் நல்லாத்தான் இருக்கும்" என்றார் லைன்மேன். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று ஸ்க்ரூ டிரைவர், காதுக்கு மேல் ஒரு பென்சில்.

வெளிச்சுவரில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எறும்பு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, கம்பியை வெட்டி, சுரண்டி, புது இணைப்பு வைத்து இடுக்கியால் நறுக்கென்று அழுத்தினார். பிறகு சோதனைக் கருவியை மாட்டிக் காதில் வைத்துக்கொண்டார்.

"எக்ஸ்சேஞ்சுலேர்ந்து ஆறு கிலோமீட்டர். கடைசிக் கம்பம் உங்களுது. இங்க வந்து சேர்றதுக்குள்ள சிக்னலுக்கே மூச்சு வாங்கிடும். அதுல இந்தப் பச்சை வேற."

"அப்ப இதுதான் காரணமா? சரியாயிடுச்சா?" அவள் குரலில் இருந்த அவசரம் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"இதுவும் ஒரு காரணம். எப்பெப்ப விழுதுன்னு கவனிச்சீங்களா?"

கவனிக்காமலா இருப்பாள்! உள்ளே ஓடிப்போய் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். லைன்மேன் ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் புரட்டினார்.

"பதினொண்ணு பத்து. பதினொண்ணு எட்டு. பதினொண்ணு பன்னெண்டு. மறுபடி பதினொண்ணு பத்து..." நிமிர்ந்து பார்த்தார். "மழைக்கு விழற லைன் பாத்திருக்கேன். காத்துக்கு விழற லைன் பாத்திருக்கேன். அணில் கடிச்சு விழுந்த லைன்கூட உண்டு. கடிகாரம் பாத்து விழற லைனை இப்பத்தாம்மா பாக்கறேன்."

"அரை மணி, முக்கா மணி கழிச்சுத் தானா வந்துடுது."

"அப்ப தப்பு வெளியில இல்ல. அந்த நேரத்துக்கு உங்க வீட்டுக்குள்ள எதையோ போடறீங்க. மோட்டார், வாஷிங் மெஷின், இப்படி ஏதாவது."

"எல்லாத்தையும் ஒண்ணொண்ணா நிறுத்திப் பாத்துட்டேன். ஒரு நாள் ஃபிரிட்ஜைக்கூட நிறுத்தினேன். பால் திரிஞ்சுபோச்சு, லைன் விழுந்துச்சு."

"விழுந்ததும் ஃபோனை எடுத்துக் காதுல வச்சுப் பாத்தீங்களா?"

"நெட் திரும்ப வர்ற வரைக்கும் ஃபோனைத் தொடவே கூடாதுன்னு உங்க ஆபீஸ்லதானே சொன்னாங்க? நான் எங்க தொட்டேன்? மொட்டை மாடிக்கு ஓடிப்போய்த் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னாத்தான் செல்லுக்கு சிக்னல் வரும். அங்கேருந்து மேலாளருக்கு மன்னிப்பு கேட்டு மெசேஜ் அனுப்பறதுதான் என் வேலை."

லைன்மேன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒரே வீட்டுலேர்ந்து நாப்பத்தொரு கம்ப்ளைன்ட். பாத்ததும் ஆபீஸ்ல எல்லாருக்கும் கிலி பிடிச்சுப்போச்சு. அதான் என்னைத் தள்ளி விட்டாங்க."

"நாப்பத்தொண்ணா? நான் மூணு தடவைதானே கூப்பிட்டேன்!"

"மூணு உங்க செல்லுலேர்ந்து. மிச்சம் முப்பத்தெட்டும் இந்த வீட்டு ஃபோன்லேர்ந்து." தாளை அவள் பக்கம் திருப்பினார். தேதி, நேரம், புகார் என்று மூன்று வரிசை. நேரத்தின் வரிசையில் பதினொன்று பத்தும் அதன் அக்கம்பக்கமும். புகாரின் வரிசையில் மேலிருந்து கீழே ஒரே வாசகம்: 'குரல் தெளிவில்லை.'

அவள் அந்த வாசகத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசி வரை படித்தாள்.

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"மாமனார் மட்டும்தான். ஆனா அவரால பேச முடியாதுங்க."

அது முழு உண்மை இல்லை. பேச முடியும், பழக வேண்டும், தினமும் வாய் திறந்து முயற்சி செய்தால் எழுபது சதவீதம் திரும்பிவிடும் என்றுதான் டாக்டர் சொல்லியனுப்பினார். முயற்சி செய்யத்தான் ஆள் தயாராக இல்லை. சுற்று வட்டாரம் முழுவதும் அவருக்கு 'ஏலக்காரர்' என்றுதான் பெயர். நாற்பது வருடம் மாட்டுச் சந்தையில் மைக் இல்லாமல் ஏலம் விட்ட தொண்டை. சந்தையின் இந்தக் கோடியில் அவர் நின்று கத்தினால் அந்தக் கோடியில் மாடு திரும்பிப் பார்க்கும் என்பார்கள். அந்த வாயிலிருந்து கோணலாக ஒரு சத்தம் வந்ததை ஆஸ்பத்திரியில் அவரே கேட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். ஆமாம் என்றால் நாற்காலிக் கையை ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. எட்டு மாதமாக அந்த வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

லைன்மேன் அவளுடைய வேலை அறைக்குள் வந்தார். முன்பு மாட்டுத் தீவனம் அடுக்கிவைத்திருந்த அறை அது. சத்தம் வராமலிருக்க ஜன்னலுக்குக் கம்பளி, கதவுக்கு மெத்தை என்று அடைத்திருந்தாள். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். மேஜை போட்டால் நாற்காலிக்கு இடமில்லை, நாற்காலி போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. அவர் குனிந்து மண்டியிட்டுச் சுவரிலிருந்த ஃபோன் பெட்டியைக் கழற்றினார்.

"பாருங்க. இந்த ஜோடி வெளியிலேர்ந்து வருது. இது உங்க மோடத்துக்கும் இந்த ஃபோனுக்கும். இன்னொரு ஜோடி இருக்கே, இது எங்க போகுது?"

அவளுக்குத் தெரியாது. இருவருமாகக் கம்பியைத் தொடர்ந்து போனார்கள். நிலைப்படியின் ஓரமாக ஏறி, சுவரின் நிறத்திலேயே வண்ணம் அடிக்கப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் கூடத்தைச் சுற்றி, ஒரு சின்ன ஓட்டை வழியாக மாமனார் அறைக்குள் போயிற்று அது. உள்ளே பெரிய மர அலமாரியின் பின்பக்கம் மறைந்தது.

அலமாரிக்கு முன்னால் நாற்காலியில் ஏலக்காரர் உட்கார்ந்திருந்தார். பிடித்துக்கொண்டு நடக்கும் நடைக்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இவர்கள் வருவதைப் பார்த்ததும் அவர் கண் முதலில் லைன்மேனின் ஸ்க்ரூ டிரைவரில் நின்றது.

"மாமா, உங்க அலமாரிக்குப் பின்னாடி ஒரு ஒயர் போகுது. ஒரே ஒரு நிமிஷம் தள்ளி உக்காரலாமா?"

டக். டக்.

"லைனை சரி பண்ணத்தான் மாமா. பதினொரு மணிக்கு எனக்குக் கூட்டம் இருக்கு."

டக். டக்.

அவரைக் குளிப்பாட்டுகிறாள், முகம் மழிக்கிறாள், கால் நகம் வெட்டுகிறாள். அப்படியும் ஒருமுறை "நகருங்க" என்று அதட்ட அவளுக்கு வாய் வரவில்லை. கடிகாரம் பத்து நாற்பத்தைந்து காட்டியது.

கூடத்துக்கு வந்ததும் லைன்மேன் குரலைத் தாழ்த்தினார். "அலமாரியை நகர்த்தவே வேண்டாம்மா. உங்க ரூம்ல ரெண்டே ஸ்க்ரூ. அந்த ஜோடியைக் கழட்டி விட்டா அந்தப் பக்கம் அடங்கிடும். அதுல என்ன இருந்தாலும் உங்களைத் தொந்தரவு பண்ணாது. கழட்டவா?"

அவள் மாமனார் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக அவரும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

"கழட்டிடுங்க" என்றாள்.

பதினொன்றுக்குக் கூட்டம் தொடங்கியது. காதில் ஹெட்ஃபோன், விரல்கள் விசைப்பலகையில். "முடியற வரைக்கும் நான் கூடத்துலயே இருக்கேன். நானும் பாக்கணுமில்ல" என்று லைன்மேன் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயோடு உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்று எட்டு. ஒரு குழந்தையின் நுரையீரலைப் பற்றி இரண்டு டாக்டர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருவரையும் பிரித்து எழுதினாள். பதினொன்று பத்து. மோடத்தின் பச்சை விளக்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது. பதினொன்று பன்னிரண்டு. எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது.

பதினொன்று பதினான்குக்கு அந்தச் சத்தம் வந்தது.

முதலில் வெளியே ஏதோ மாடு என்று நினைத்தாள். மெத்தையையும் கதவையும் ஹெட்ஃபோனையும் தாண்டி வந்த சத்தம். அடிவயிற்றிலிருந்து எழுந்து, பாதியில் உடைந்து, மறுபடி எழுந்தது. இரண்டாவது தடவை கேட்டபோதுதான் அது மனிதக் குரல் என்று புரிந்தது. யாருடைய குரல் என்று புரிய இன்னும் ஒரு கணம் ஆனது.

எழுந்திருக்க முடியாது. காதில் மயக்க மருந்து டாக்டர் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் படுக்கப்போகிற ஒரு மனுஷனின் மருந்து அளவு. ஒரு எண் தவறினால் திரையில் தவறும். அந்தப் பக்கம் காது கேளாத அம்மாள் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருப்பார். பத்து அடி தூரத்தில் எட்டு மாதமாகப் பேசாத மனிதர் கத்திக்கொண்டிருக்கிறார். இவள் விரல்கள் தசமப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தன. கால் மட்டும் தன்னால் தரையில் உதைத்தது.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம். லைன்மேன் போய்விட்டார். கத்தல் நின்றது.

ஐந்து நிமிடம் கழித்துக் கதவு அரையளவு திறந்து, அவர் பக்கவாட்டில் நுழைந்து, அவள் காலருகே மண்டியிட்டார். பென்சிலை எடுத்து அவளுடைய நோட்டில் எழுதி, அவள் பார்வைக்கு நேராகப் பிடித்தார்.

'அலமாரிக்குள்ள பழைய ஃபோன். அதை எடுத்தாத்தான் உங்க நெட் விழுது. பேச்சையும் நெட்டையும் பிரிக்கற ஃபில்டர் ஒண்ணு நடுவுல மாட்டிட்டேன். இனி விழாது. மறுபடி சேர்க்கவா?'

பதில் யோசிக்க நேரமில்லை. சேர்த்து, விழுந்துவிட்டால்? வேலை போனது போனதுதான். சேர்க்காவிட்டால் அந்தக் குரல் மறுபடி வரும். மயக்க மருந்து டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். விரலை நிறுத்தாமல், சேர்க்கச் சொல்லி அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் இரண்டு ஸ்க்ரூவை முடுக்கினார். இருவரும் பச்சை விளக்கைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. லைன்மேன் கட்டை விரலை உயர்த்திவிட்டு, ஒலியில்லாமல் சிரித்து, வந்த வழியே பக்கவாட்டில் வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் முடிந்தது. ஒரு வார்த்தை விடவில்லை. உடனே மேலாளரிடமிருந்து திரையில் வந்தது: 'பெரிய டாக்டரம்மா உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். அடுத்த மாசத்திலிருந்து இந்தக் கூட்டம் நிரந்தரமாக உனக்குத்தான்.'

முதலில் கணவனிடம் சொல்ல வேண்டும். மேஜை மேலிருந்த ஃபோனை எடுத்தாள்.

டயல் சத்தம் வரவில்லை. ஆள் குரல் வந்தது.

"...சார், உங்களைக் காத்திருக்க வச்சதுக்கு மன்னிக்கணும். சொல்லுங்க சார். உங்க புகார் என்ன?"

"ஐயின் ஏஆம். எத்தி உது."

காதுக்கு இப்படித்தான் விழும் அது. புகார் மையத்து இளைஞனுக்கு அப்படித்தான் விழுந்தது.

ஆனால் இவள் காது வேறு. முகக்கவசத்துக்குள் முனகும் டாக்டர், தூக்கக் கலக்கத்தில் குழறும் டாக்டர், பிஸ்கட் மென்றுகொண்டே பேசும் டாக்டர் என்று ஒன்பது வருடம் பழகிய காது. எந்த எழுத்து விழுந்துபோயிருக்கிறது, எது மிச்சம் இருக்கிறது என்று அது தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

'லைன் வேணாம். வெட்டி விடு.'

"சார், குரல் தெளிவா வரலை சார். லைன்ல இரைச்சல் இருக்குன்னு நினைக்கறேன்."

ஏலக்காரர் மறுபடி சொன்னார். இந்தத் தடவை நீளமாக, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையையும் கையால் தூக்கி வைப்பதுபோல. அவளுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

'இந்த லைன் இருக்கற வரைக்கும் அந்தப் பொண்ணு இங்கேயே கிடக்கும். லைன் போனாத்தான் அது தன் வீட்டுக்குப் போகும். வெட்டி விடுப்பா.'

"சார், குரல் தெளிவில்லைன்னு பதிவு பண்ணிக்கறேன் சார். எங்க ஆள் வந்து பாப்பாங்க."

முப்பத்தெட்டு நாள். பதினொரு மணிக்கு அவள் டீ கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியதும் எழுந்து, கட்டிலிலிருந்து அலமாரிவரை ஆறடியைப் பத்து நிமிடத்தில் கடந்து, முப்பத்தெட்டு நாள் இதையே சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு நாளும் அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் அவர் குரலை லைன் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள்.

அவள் மூச்சு ரிசீவரில் பட்டிருக்க வேண்டும்.

"லைன்ல வேற யாராவது இருக்கீங்களா?" என்றான் இளைஞன். "மேடம்? இருந்தா அவர் என்ன சொல்றார்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?"

அந்தப் பக்கம் ஏலக்காரரின் மூச்சு சட்டென்று நின்றது.

ஒரு சின்னப் பொய் போதும். 'இரைச்சல்னுதான் சொல்றார்' என்றால் முடிந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிரந்தர வேலை திரையில் இருந்தது. ஆனால் ஒன்பது வருடமாக அவள் செய்துவருவது ஒரே வேலை. அடுத்தவர் சொன்னதை, சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது. பிடிக்காததைச் சொல்கிறார்கள் என்பதற்காக ஒருநாளும் விரல் மாற்றி வைத்ததில்லை.

"இந்த இணைப்பைத் துண்டிக்கச் சொல்றார்" என்றாள்.

"துண்டிக்கவா? முழுசாவா மேடம்?"

"ஆமா."

"இணைப்பு யார் பேர்ல இருக்கு?"

"அவர் பேர்லதான்."

"அப்ப அவர் வாயால ஒரு தடவை சம்மதம் சொல்லணும். சார், இணைப்பைத் துண்டிக்கலாமா?"

"ஆமா!"

கோணாத, பிசகாத, முழு 'ஆமா'. உதட்டை மூடித் திறந்தாலே வந்துவிடுகிற சொல். பழைய தொண்டையின் கனம் அதில் அப்படியே இருந்தது.

"நன்றி சார். வியாழக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள துண்டிச்சிடுவோம். மனசு மாறினா, அதுக்குள்ள நீங்களே கூப்பிட்டுச் சொல்லணும் சார். வேற யாரும் சொல்ல முடியாது."

அவள் அறைக்குள் நுழைந்தபோது அலமாரிக் கதவு திறந்திருந்தது. கீழ்த்தட்டில் கறுப்பு ஃபோன் ஒன்று. ஏலக் காலத்தில் அவர் ஊர் ஊராக வியாபாரிகளோடு பேசியது. மணி அடிக்காமலிருக்க அதன் அடியில் அவர் சுருட்டித் திணித்திருந்த துணியை லைன்மேன் எடுத்து வெளியே போட்டிருந்தார். ஏலக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"எட்டு மாசம்" என்றாள். "எட்டு மாசம் மாமா. ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்கிட்ட?"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"என் குரல்... கேக்கற மாதிரி இல்ல."

"நான் அதைக் கேட்டுத்தானே பொழைக்கறேன்!"

அவர் இடது கையை உயர்த்திச் சுவரில் மாட்டியிருந்த பேத்தியின் படத்தைக் காட்டினார். "அதுக்கு... பல்லு விழுந்துச்சு. நீ கம்ப்யூட்டர்ல பாத்த."

"அதனால?"

"ராத்திரி... நீ சாப்பிடல."

அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. எட்டு மாதம் சேர்ந்த கோபம். மெத்தை அடைத்த கதவு, கம்பளி போட்ட ஜன்னல், தண்ணீர்த் தொட்டி மேல் நின்று கேட்ட மன்னிப்பு, எல்லாம் ஒன்றாக வந்தது.

"இன்னைக்குத்தான் என் வேலை நிரந்தரமாச்சு. இன்னைக்கே நீங்க கயித்தை அறுத்துட்டீங்க. நான் போகணுமா வேண்டாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்க புள்ள என்னைக் கேக்காம இங்க விட்டுட்டுப் போனாரு. நீங்க என்னைக் கேக்காம அனுப்பப் பாக்கறீங்க. சந்தையில மாட்டை ஏலம் விடற மாதிரி ஆளாளுக்கு என்னை ஏலம் விடறீங்களே மாமா!"

ஏலக்காரர் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் அடிபட்டது தெரிந்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. வாங்கிக்கொள்ளவில்லை. அலமாரி ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"சரி, நான் போயிடறேன்னே வச்சுக்குவோம். உங்களை யார் பாப்பாங்க? ஸ்பூன் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. யாரு மாமா?"

"இடம்... பாத்துட்டேன்."

"என்னது?"

"இடம் பாத்துட்டேன்" என்றார் மறுபடி, இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக.

"எந்த இடம்? எங்க? யார்கிட்ட கேட்டீங்க? உங்க புள்ளைக்குத் தெரியுமா?"

டக். டக்.

"தட்டாதீங்க மாமா! வாயைத் திறந்து சொல்லுங்க."

அப்போது ஃபோன் அடித்தது.

அவள் அறையிலிருந்த ஃபோனும் அலமாரியிலிருந்த கறுப்பு ஃபோனும் ஒரே நேரத்தில் அடித்தன. கறுப்பு ஃபோனின் மணி, சந்தைக்கென்றே செய்தது போல, மரத் தட்டை அதிரவைத்தது. ஏலக்காரர் முன்னால் சாய்ந்து இடது கையை நீட்டினார். தரையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது பக்கம். எடுத்துவிட்டாள்.

"ஐயாவா?" ஒரு பெண் குரல். வயது தெரியாத, அவசரமில்லாத குரல். "நேத்து பேசும்போது கேட்டீங்களே, அந்த ஜன்னல் வச்ச ரூம், அது நாளைக்குக் காலியாகுது. நாளைக்குச் சாயந்திரமே வண்டி அனுப்பிடறேன்."

"நான் அவர் மருமக பேசறேன்."

"ஓ, நீங்களா?" என்றாள் அந்தப் பெண், வெகுநாள் கேள்விப்பட்ட ஒருவரிடம் பேசுவதுபோல. "ஃபோனை அவர்கிட்டயே குடுத்துடுங்களேன். நீங்க நடுவுல இருந்து எடுத்துச் சொல்லவெல்லாம் வேண்டாம். அவர் பேசறது எனக்கு நல்லாப் புரியும்."

ஏலக்காரர் கையை நீட்டியபடியே இருந்தார். அவர் முகத்தில், கோணிய அந்தப் பாதியிலும் கோணாத பாதியிலும், எட்டு மாதத்தில் அவள் ஒருநாளும் பார்க்காத ஒரு வெட்கம் இருந்தது.

அவள் ரிசீவரைக் கொடுக்கவில்லை.

"நீங்க யாரு?" என்று கேட்டாள்.